இடுப்புப் பட்டை கட்டிய இசைத்தட்டு

கிராம்காரர் தன் மனைவியை அளவு நாடாவால் தையல் மெஷினின் காலோடு கட்டிவைத்திருந்தது உண்மைதான். அதைக் கொடுமை என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தவர்கள், நாடாவின் மறுமுனை எங்கே இருக்கிறது என்று நிமிர்ந்து பார்க்காதவர்கள். அவள் தகரக் கூரையில் முதுகு ஒட்டியபடி, கீழ்நோக்கிப் படுத்து, யாருடைய சட்டைக்கோ பொத்தான் வைத்துக்கொண்டிருந்தாள். மின்விசிறியை அணைத்துவிட்டுத்தான் கட்டியிருந்தார். அந்த அளவுக்குக் கவனமான மனிதர்.

அவருக்குத் தராசு பழுதுபார்க்கும் தொழில். வீட்டின் முன்னறைதான் பட்டறை. தலைவலி என்று யாராவது சொன்னால்கூட எத்தனை கிராம் என்று கேட்பார் என்பதால் அந்தப் பெயர். மனைவி பின்னறையில் தைப்பாள். நடுவில் ஒரு கதவு. அது எப்போதும் திறந்தே கிடந்தது, ஆனால் அவள் பேசுவது அதைத் தாண்டி அவர் காதுக்குப் போனதாகத் தகவல் இல்லை. இப்படி இருக்கையில் ஒருநாள் பழைய பேப்பர் கடைக்காரர் தன் தராசையும் ஒரு பேப்பர்க் கட்டையும் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். "அண்ணே, இந்தத் தராசு என்னைத் திருடனாக்கப் பாக்குது. இம்மாம் பெரிய கட்டை வச்சா சைபர் காட்டுது. ஓசியில தூக்கிட்டுப் போறேன்னு அடிக்க வர்றாங்க!" கிராம்காரர் படிக்கற்களை வைத்துப் பார்த்தார், சரியாக இருந்தது. கட்டை வைத்தார், சைபர். கட்டைப் பிரித்து ஒவ்வொன்றாய் எடுக்க, வாரப் பத்திரிகைகளுக்கு நடுவே ஓர் இசைத்தட்டு. அதை மட்டும் தட்டில் வைத்ததும் முள் சைபருக்கும் கீழே போய் நின்றது. தராசுகளோடு குடும்பம் நடத்திய மனிதர் அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அட்டையில் ஊதா நிறத்தில் ஒரு கோள். அதன் முன்னால் திருகுகளும் ஒயர்களும் நிறைந்த பீரோ ஒன்று. பீரோவுக்குப் பக்கத்தில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் முகத்தோடு முடி வளர்த்த நாலு பேர். அட்டையைச் சுற்றி ஒரு காகிதப் பட்டை, பாதி நழுவித் தொங்கியது. சத்தம் கேட்டு வந்த தையற்காரி, கை பழக்கத்தில் அதை இழுத்து நேராக்கினாள். "இடுப்புப் பட்டை நழுவினா எந்தத் துணிதான் நிக்கும்?" முள் மேலே வந்து, ஓர் இசைத்தட்டு எவ்வளவு கனக்குமோ அவ்வளவு காட்டியது. கடைக்காரர், சரக்கு உங்களுக்கே இருக்கட்டும் என்று தராசை மட்டும் தூக்கிக்கொண்டு போனவர்தான், அதன்பிறகு அடுத்த தெரு வழியாகவே கடைக்குப் போனார்.

ரெக்கார்ட் பிளேயர் கொண்டுவந்தவர் மைக்செட்காரர். அட்டையைப் பார்த்ததும் அவருக்கு வாய் மூடவில்லை. "அக்கா, எழுபதுகள்ல ஜப்பான்காரன் போட்டதுக்கா இது. விண்வெளி ராக். கிட்டாரைக் கரன்ட்டுல முக்கி வானத்துல காயப்போட்ட மாதிரி இருக்கும். அந்தப் பீரோ இருக்கே, அதான் சிந்தசைசர். இந்தப் பேப்பரைத் தொலைச்சிடாதீங்க, இதுக்கு அவங்க ஒபின்னு பேர் வச்சிருக்காங்க. அவங்க உடுப்புல இடுப்புல கட்டுற பட்டை."

"அதைத்தானே நானும் சொன்னேன்" என்றாள் தையற்காரி. அதை அவள் சொன்ன தோரணையைப் பற்றி மட்டும் தெரு ஒரு வாரம் பேசியது.

பட்டையைக் கழற்றி, தட்டைச் சுழலவிட்டு, முள்ளை வைத்தார்கள். முதலில் பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜ் போல ஓர் உறுமல். அதற்குள் டிரம், நிற்காமல், அவசரமில்லாமல், யாரோ தையல் மெஷினை மிதிப்பதுபோல ஒரே சீராக. அதன்மேல் சொட்டுச் சொட்டாய் மின்னணுச் சத்தங்கள், பிறகு வெகு தூரத்திலிருந்து புறப்பட்டு வந்துகொண்டே இருக்கும் ஒரு கிட்டார். இரண்டாம் பக்கத்தில் அந்தக் கிட்டார் வந்து சேர்ந்தபோது மைக்செட்காரரின் செருப்பு தரையிலேயே இருந்தது, அவர் இல்லை. நிலைப்படியைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கி, பக்கம் முடிந்து, தையல் மெஷினைப் பிடித்தபடி மிதந்த அவள் பட்டையை மாட்டியதும் பொத்தென்று விழுந்து, வெறுங்காலோடு ஓடினார். பிளேயரை இன்றுவரை திருப்பிக் கேட்கவில்லை. தையற்காரி மட்டும் முழு நிதானத்தோடு இறங்கி, "மெஷின் கனவு கண்டா இப்படித்தான் இருக்கும்" என்றாள்.

ஆக, மத்தியானம்தோறும் கிராம்காரர் நாடாவைக் கட்டிவிட, அவள் மிதக்கலானாள்; பக்கம் முடிந்ததும் அவர் வந்து பட்டையை மாட்டி இறக்குவார். எதிர்வீட்டம்மா முதலில் பார்த்த அன்று பேச்சு நின்றுபோய், சாயங்காலம்தான் திரும்பி வந்தது. அதுவரை சேர்ந்த பேச்சையும் சேர்த்து ராத்திரிக்குள் முடித்துவிட்டார். ஜன்னலுக்கு வெளியே கூட்டம் கூடியது, அதிர்ச்சியில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டது, அந்தக் காட்சி யாருக்கும் பழகாமலே வருஷங்கள் போயின. இசையை உட்கார்ந்து கேட்டால்தான் கனம் போகும், காதில் விழுந்தால் போகாது என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அதனால் முன்னறையில் கிராம்காரருக்கு எந்த ஆபத்தும் வரவில்லை. "ஏங்க, ஒரே ஒரு பக்கம் வந்து கேளுங்களேன்" என்பாள் அவள். "இந்தத் தராசை முடிச்சிட்டு வர்றேன்" என்பார். தராசுகள் முடிகிற சாமான் அல்ல.

பிறகுதான் அந்தக் காரியத்தைச் செய்தார். பார்சல் ஆபீஸ் தராசு ஒன்றுக்கு ஒரு கால் ஆடிக்கொண்டிருந்தது. ஆடும் காலுக்குக் காகிதத்தை மடித்து முட்டுக்கொடுப்பது அந்தத் தொழிலில் மூச்சு விடுவது போல. அவள் மேலே கண்ணை மூடி இரண்டாம் பக்கத்தில் இருந்தபோது, மெஷின் மேல் கிடந்த பட்டையை எடுத்தார், மடித்தார், முட்டுக்கொடுத்தார், தராசை அனுப்பிவைத்தார். பக்கம் முடிந்தது. அவள் இறங்கவில்லை.

"பட்டையை மாட்டுங்க" என்றாள் மேலிருந்து.

"எந்தப் பட்டை?" என்று கேட்டவருக்கு, கேட்டு முடிப்பதற்குள் முகம் வெளுத்துவிட்டது.

இறங்காததோடு போகவில்லை, நேரமாக ஆக மேலே இழுத்தது. நாடா விறைத்தது. அவள் முதுகு பட்ட இடத்தில் தகரம் குமிழ்போல் வெளியே புடைத்து, ஆணிகள் ஒவ்வொன்றாய்க் கழன்று தெருவில் விழுந்தன. கூரை போனால் ஆளும் போய்விடுவாள் என்பது யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கிராம்காரர் வேட்டி தடுக்க ஓடினார். பார்சல் ஆபீஸில் அவரை அடிக்காத குறை. ஒரு கைக்குட்டைப் பொட்டலம் அங்கே மூட்டைக் கனம் காட்டிக்கொண்டிருந்ததாம். தராசைச் சாய்த்துப் பட்டையை உருவினார், கை கீழே இழுத்தது. இரண்டு கையாலும் எடுத்தார். தோளில் போட்டார். ஒரு காகிதத் துண்டைத் தோளில் சுமந்து, முதுகு வளைந்து, மூச்சிரைக்க அவர் வந்ததைத் தெரு முழுக்கப் பார்த்தது. சுமக்க உதவிக்குப் போனவர்களை அவர் விடவில்லை. அவள் கனம் எவ்வளவு என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். எத்தனை கிராம் என்று யாருக்கும் சொல்லவில்லை.

வந்து, கிழிந்த மடிப்பை ஒட்டி, மாட்டப் போனார். "இருங்க" என்றாள் அவள். "முதல்ல அந்தப் பக்கத்தை வைங்க. உக்காந்து கேளுங்க."

"கூரை போயிடும்!"

"எத்தனை வருஷமாச் சொல்றேன்? இன்னிக்கும் தராசு இருக்கா?"

அவர் வைத்தார். முக்காலியில் உட்கார்ந்தார். உறுமல், மிதி, சொட்டுகள். தகரம் முனகியது. அப்போது அந்தச் சிந்தசைசர் பீரோவிலிருந்து மெல்லிசாய் ஒரு சத்தம் புறப்பட்டது. தட்டில் எதையோ வைத்ததும் முள் துடிக்குமே, இப்போது நின்றுவிடும், இப்போது நின்றுவிடும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்போமே, அந்தத் துடிப்பு. அது நிற்கவே இல்லை. எந்த எண்ணிலும் நிற்க அதற்கு விருப்பமில்லை. அவர் வாய் பிளந்தது. "இது நம்ம முள்ளு" என்றார். சொல்லும்போதே முக்காலி கீழே இருந்தது.

இரண்டு பேரும் கூரையில், பட்டையோ கீழே. ஜன்னல் கூட்டம் கல்லாய் நின்றது. எதிர்வீட்டம்மா வாழ்நாள் முழுக்க அந்த வீட்டை எட்டிப் பார்த்ததற்கு அன்றுதான் ஒரு பிரயோஜனம் வந்தது. எதையும் கண்ணால் மட்டுமே கேட்கிறவர் என்பதால் அவருக்குக் கால் தரையிலேயே நின்றது. பக்கம் முடிந்ததும் உள்ளே போய், முழங்காலால் முட்டுக்கொடுத்து, தம் பிடித்துப் பட்டையை இழுத்து மாட்டினார். மேலே இருந்தவர்கள் இலை இறங்குவதுபோல் இறங்கினார்கள். "ஏம்மா, கையைப் பிடிச்சுக்கிட்டா வர்றது? தெரு பாக்குது" என்றார் எதிர்வீட்டம்மா.

அடுத்த நாள் இருவரும் மறுபடி மிதந்து, மேலேயே இருந்து உள்பக்கமாக ஆணி அடித்துக் கூரையைச் சரிசெய்தார்கள், ஏணி தேவைப்படவில்லை. இப்போதும் மத்தியானம் முன்னறையில் தராசுகள் ஆளில்லாமல் கிடக்கும். எதிர்வீட்டம்மா வெளியூர் போவதாக இருந்தால் முதல் நாளே அந்த வீட்டில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். மற்றபடி தெருவில் ஒரு குறையும் இல்லை.