ஜோடிச் சட்டை

ஜிம்மில் ஜோடியாகச் சேர்ந்தால் ஒரே நிறத்தில் இரண்டு டி-சட்டை இலவசம். கிளிப்பச்சை. ஐம்பத்திரண்டு வயதுப் புவனேஸ்வரனும் அவர் மனைவி ரமணியும் அதை மாட்டிக்கொண்டு ஜெலுத்தோங் பிளாட்டின் லிப்டுக்கு வந்தால் அக்கம்பக்கத்தார் வழிவிட்டு நிற்பார்கள். சும்மாவா? மனைவிக்குக் கிட்னி கொடுக்கப் போகிற மனுஷர்.

கொடுக்கிறேன் என்று சொன்னது அவரேதான். ரமணி கேட்கவில்லை. வாரம் மூன்று நாள், நான்கு மணி நேரம் டயாலிசிஸ் நாற்காலியில் கிடந்துவிட்டு வருகிறவளுக்கு அதைக் கேட்டதும் அழுகை வந்துவிட்டது. இருபத்தாறு வருடத்தில் அவளுக்காக ஒரு தேத்தண்ணி கலக்காத மனிதர். ரத்தமும் ஒத்துப்போனது. எடைதான் இடித்தது. பத்துக் கிலோ குறைத்துவிட்டு வாருங்கள், பிறகு பார்க்கலாம் என்றார் டாக்டர்.

இன்சூரன்ஸ் ஏஜண்டுக்குப் பேசச் சொல்லித்தர வேண்டுமா? கோயிலில், கல்யாண வீட்டில், எங்கே நாலு பேர் கூடினாலும் கிட்னிக் கதைதான். கேட்டவர்கள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார்கள். தனியாக ஜிம்முக்குப் போக அலுப்பாக இருக்கிறது என்றாரே என்று, டயாலிசிஸ் இல்லாத நாட்களில் ரமணியும் துணைக்குப் போனாள். ஓடும் மெஷினில் அவர் வேர்த்துக் கொட்டுவார். பக்கத்து மெஷினில் இவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடப்பாள். டயாலிசிஸ் நாட்களில் அவளை சென்டரில் இறக்கிவிட்டு அவர் மட்டும் ஜிம்முக்குப் போவதாக ஏற்பாடு.

மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் எடை இரண்டு கிலோ ஏறியிருந்தது. பயிற்சி கொடுக்கும் ஸஹ்ரா தராசையே மாற்றிப் பார்த்தாள். தசை ஏறினால் எடை கூடத்தான் செய்யும் என்று புவனேஸ்வரன் விளக்கம் சொன்னார். ரமணி அதையும் நம்பினாள். எதற்கும் இருக்கட்டும் என்று சமையலில் எண்ணெயைக் குறைத்தாள், தேங்காயை நிறுத்தினாள், பைத்தியக்காரி.

ஒரு சனிக்கிழமை சென்டரில் தண்ணீர் வரவில்லை. இரண்டு மணி நேரம் காக்கவைத்துவிட்டு, மறுநாள் வரச் சொல்லி அனுப்பினார்கள். புருஷன் போனை எடுக்கவில்லை. வெயில் தாங்காமல் எதிர்வரிசையில், சோற்றில் குழம்பை வழியவழிய ஊற்றித் தரும் நாசி கண்டார் கடையில் போய் உட்கார்ந்தாள். கடைக்காரர் அப்துல் ரசாக் அவள் அன்றும் போட்டிருந்த கிளிப்பச்சைச் சட்டையைப் பார்த்ததும் முகம் மலர வந்தார்.

“புவனேஸ் அண்ணன் வீட்டுக்காரங்களாக்கா? அவரும் இதே சட்டைதான் போட்டுட்டு வருவாரு. இப்பத்தான் சாப்பிட்டுப் போனாரு லா.”

மேசையைத் துடைத்துக்கொண்டே அவரே தொடர்ந்தார்.

“கிட்னி குடுக்கணும்னா ஒடம்பு தேறணுமாமே. டாக்டர் எடை ஏத்தச் சொல்லியிருக்காராம். அதான் வாரம் மூணு நாளும் நான் கோழி ஒரு துண்டு கூடவே வெச்சிருவேன். அதுக்குக் காசு வாங்குறதில்ல. நல்ல மனுசன்கா.”

ரமணிக்கு எல்லாம் புரிந்துவிட்டது. புருஷனுக்குக் கிட்னி கொடுக்கப் பயம், அவ்வளவுதான். அதை அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், போகட்டும் விடுங்க என்று அவளே சொல்லியிருப்பாள். அவருக்கோ பெயரும் வேண்டும், கிட்னியும் பத்திரமாக இருக்க வேண்டும். அதற்காக மூன்று மாதம் அவளை மெஷினில் நடக்கவிட்டிருக்கிறார். அவர் வழக்கமாகச் சாப்பிடுவதையே ஒரு பொட்டலம் கட்டச் சொன்னாள்.

தோளில் ஜிம் பையோடு அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது மேசையில் தட்டு தயாராக இருந்தது. சோற்றின் மேல் குழம்பு வழிந்தது.

“ரசாக் அண்ணன் கோழி ஒரு துண்டு கூட வெச்சிருக்காரு. சாப்பிடுங்க. இனிமே ஒளிஞ்சு சாப்பிட வேணாம். கிட்னி எனக்கு வேணாம்னு நானே டாக்டர்கிட்ட சொல்லிடுறேன்.”

அவர் தட்டைத் தள்ளிவிடுவார் என்று அந்த நிமிஷத்திலும் அவளுடைய பாழும் மனது காத்திருந்தது. புவனேஸ்வரன் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். சற்று முன்தான் வயிறு நிறையச் சாப்பிட்டவர், முதல் துண்டையும் தின்றார், இரண்டாவதையும் தின்றார். பல நாளாக அவள் பார்க்காத நிம்மதி அந்த முகத்தில் இருந்தது.

“ரமணி,” என்றார், விரலை நக்கிக்கொண்டே. “யாராவது கேட்டா, நீதான் வேணாம்னுட்டேன்னு சொல்லிடு.”