ஆண்களுக்குத்தான் ஆபத்து

கொரோனா ஆண்களைத்தான் அதிகம் கொல்கிறது என்று ராஜபாளையத்தில் எங்கள் தெருவுக்கு முதலில் சொன்னவள் நான்தான். இரண்டாவது அலை அடித்துக்கொண்டிருந்த மே மாதம். பி.எஸ்சி. புள்ளியியல் கடைசி வருடம், ஆன்லைன் வகுப்பு, ஓரிடத்தில் உட்கார முடியாத உடம்பு. எந்த நாட்டுக் கணக்கைத் திறந்தாலும் ஐ.சி.யூ.வில் ஆண்களே கூடுதல். காரணமும் படித்து வைத்திருந்தேன். பெண்களுக்கு எக்ஸ் குரோமோசோம் இரண்டு, ஆண்களுக்கு ஒன்று. நோய் எதிர்ப்புக்கு வேண்டிய பல சங்கதிகள் அதில் இருக்கின்றன. பெண்களிடம் ஒரு ஸ்டெப்னி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், என்று மொட்டைமாடியில் நின்று எதிர்வீட்டுக்காரர்களுக்கு விளக்குவேன்.

துணி காயப்போட்டபடியே கேட்டுக்கொண்டிருந்த அம்மா ஒருநாள் சொன்னாள்.

"ரெண்டு இருக்குன்னு எங்க கம்பெனில போய்ச் சொல்லிராத. இன்னும் ரெண்டு தறி சேத்துக் குடுத்துருவாக."

அம்மா மாரிக்கனிக்கு பேண்டேஜ் துணி நெய்கிற கம்பெனியில் வேலை. ஆஸ்பத்திரிகளுக்குத் துணி வேண்டுமென்று ஊரடங்கிலும் அது ஓடியது. அப்பா பாண்டிச்செல்வம் பட்டாளத்திலிருந்து வந்து மில்லில் செக்யூரிட்டியாக இருந்தவர். மில் மூடிவிட்டதால் மூன்று வாரமாக வாசலைத் தாண்டவில்லை. ஆனாலும் செவ்வாய்க்கிழமை காலை அவருக்குக் காய்ச்சல்; டெஸ்டில் பாசிட்டிவ். அம்மாவும் இருமினாள்தான். வீட்டுக்கு ஒரு டெஸ்ட் போதும் என்று அவளே சொல்லிவிட்டாள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

ஐம்பத்தெட்டு வயது, ஆண், சர்க்கரை வேறு. என் கணக்கில் அப்பா சிவப்புக் கட்டத்துக்கு நடுவில் நின்றார். வீட்டிலிருந்த ஒரே ஆக்சிமீட்டரை அவர் விரலில் மாட்டி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எக்செல்லில் ஏற்றினேன். தொண்ணூற்றாறு, தொண்ணூற்றைந்து, மறுபடி தொண்ணூற்றாறு. தொண்ணூற்று நாலுக்குக் கீழே இறங்கினால்தான் ஆபத்து. கபசுரக் குடிநீர், ஆவி, முட்டை எல்லாம் நேரம் தவறாமல் அவருக்குப் போயின. அட்டவணை என்னுடையது. அடுப்படி அம்மாவுடையது.

வெள்ளிக்கிழமை, உடம்பு சூடாக இருக்கிறது என்று அம்மா இரண்டு கையிலும் மருதாணி வைத்துக்கொண்டாள். எங்கள் வீட்டில் சூட்டுக்கு அதுதான் முதல் வைத்தியம். பத்து நகமும் செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டன. ஞாயிற்றுக்கிழமை காலை, அப்பா குளிக்கப் போன நேரத்தில் அவள் ஆக்சிமீட்டரைத் தன் விரலில் மாட்டிப் பார்த்துவிட்டு, கையை என்னிடம் நீட்டினாள். எண்பத்தாறு.

எனக்கு உடனே காரணம் தெரிந்துவிட்டது. அதுதான் என்னிடம் உள்ள கோளாறு. நகத்தில் சாயம் இருந்தால் கருவி தப்பாகக் காட்டும் என்று போன வாரம்தான் படித்திருந்தேன்.

"மருதாணிம்மா. அதான் கம்மியாக் காட்டுது. உனக்கெல்லாம் ஒண்ணும் வராது."

அம்மா தலையாட்டிவிட்டுக் கஞ்சி காய்ச்சப் போனாள். எண்பத்தாறை நான் எக்செல்லில் ஏற்றவில்லை. தப்பான எண் ஒன்று உள்ளே வந்தால் சராசரியே கெட்டுவிடும்.

மத்தியானம் கஞ்சியோடு வந்தவள் கட்டிலின் தலைமாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டம்ளரை வாங்கிய அப்பா கை தவறிப் பாதியைத் தரையில் கொட்டினார். அம்மா ஒரு வார்த்தை சொல்லாமல் துடைத்தாள். துடைத்துக்கொண்டிருக்கும்போதே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்பா அவளையே பார்த்தார்.

"ஏட்டி விஜி, இவ என்னைய ஏசி ரெண்டு நாளாச்சு. மூச்சு இருந்தா சும்மா விடுவாளா?"

நான் மருதாணி விஷயத்தை முதலிலிருந்து விளக்க ஆரம்பித்தேன். அவர் கேட்கவில்லை. கருவியைக் கழற்றி, கட்டிலிலிருந்து இறங்கி, அம்மாவின் கால் கட்டைவிரலில் மாட்டினார். காலில் அவள் மருதாணி வைக்கவில்லை. புருஷன் காலைத் தொடுவதா என்று அவள் இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். எண்பத்து நான்கு என்று காட்டியது.

நூற்றெட்டுக்கு அடித்தேன். தலைமுதல் கால்வரை கவச உடை போட்ட இரண்டு பேர் வந்து நேராக அப்பாவின் கையைப் பிடித்தார்கள். பழைய ரீடிங் இருக்கிறதா என்று ஒருவர் கேட்டதும் போனை நீட்டினேன். இவ்வளவு சுத்தமாக எழுதி வைத்த வீட்டைப் பார்த்ததில்லை என்று பாராட்டினார். அதில் அம்மாவின் எண் ஒன்றுகூட இல்லை. அப்பா கையை உதறினார்.

"என்னைய இல்லப்பா. அவளைத் தூக்குங்க."

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டுக்கு வெளியே, கட்டில் கிடைக்காதவர்கள் நடையில் சிலிண்டரோடு உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் வார்டில் நாலு கட்டில் காலி. அம்மாவுக்கு உடனே இடம் கிடைத்தது. அந்த நிம்மதியில் என் நாக்கு சும்மா இருக்கவில்லை. பார்த்தீர்களா, பெண்களுக்கு வியாதி கடுமையாவது குறைவு, உலகக் கணக்கும் அப்படித்தான் சொல்கிறது என்று நர்ஸ் ஜெயசித்ராவிடம் சொன்னேன். அவர் அம்மாவின் முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க்கை இறுக்கிக்கொண்டே, திரும்பாமல் பதில் சொன்னார்.

"கணக்கு சரியாத்தான் இருக்கும், பாப்பா. ஆனா இங்க பொம்பளையாளக் கூட்டிட்டு வாரவுகளே கம்மி."

எண் தொண்ணூறுக்கு வந்தது. ஒரு மணி நேரம் கழித்துத் தொண்ணூற்று மூன்று. பிழைத்துக்கொள்வார்கள், ராத்திரி வரை வீட்டிலேயே வைத்திருந்தால் தன்னால் எதுவும் சொல்லியிருக்க முடியாது என்றார் டாக்டர். பிறகு ஒரு ஃபாரம் கொடுத்தார்கள். காய்ச்சல் தொடங்கிய நாள் என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. அப்பாவுக்கென்றால் மணி, நிமிடத்தோடு சொல்வேன். அம்மாவிடம் குனிந்து கேட்டேன். அவள் மாஸ்க்கைத் தூக்கினாள்.

"அப்பாவுக்கு வந்ததுக்கு முந்துன சனிக்கெழம. தறியில நிக்கயிலேயே குளிரு வந்துருச்சு."

அப்பாவுக்கு மூன்று நாள் முன்னால். மூன்று வாரம் வாசலைத் தாண்டாத மனிதருக்கு நோய் எப்படி வந்திருக்கும் என்று ஒரு தடவைகூட நான் யோசிக்கவில்லை.

"அவியகிட்ட சொல்லிராத," என்றாள். "நாந்தான் வீட்டுக்குக் கொண்டாந்தேன்னு ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாக."

சனிக்கிழமை என்று எழுதினேன். மாஸ்க்கை நானே இழுத்து மாட்டிவிட்டேன். இன்னும் ஏதோ சொல்ல வந்தாள், விடவில்லை.