செவலைக்கு வைத்த பொங்கல்

என் வயலில் குதிரைகள் தங்கின வருஷத்தைப் பற்றி ஊரில் யாராவது பேச்செடுத்தால் நான் எழுந்து போய்விடுவேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டணும் என்று ஏதாவது சாக்குச் சொல்வேன். என் மாடுகள் இந்த ஊரிலேயே அதிகத் தண்ணீர் குடிக்கிற மாடுகள் என்று பேராகிவிட்டது. இன்று எழுந்து போகாமல் சொல்லிவிடுகிறேன்.

அந்த மார்கழி மாதம் மழை ஓய்ந்து, பழவேற்காட்டுக்குக் கப்பல்கள் மறுபடி வரத் தொடங்கியிருந்தன. உலாந்தா தேசத்து வெள்ளைக்காரர் கோட்டைக்கு நேரே கடலில் நின்ற ஒரு கப்பலிலிருந்து ஒன்பது குதிரைகள் இறங்கின. கடல் ஆட்டத்தில் எலும்பும் தோலுமாகிவிட்டவற்றை உடனே மேற்கே நடத்திப்போக முடியாது. பத்துப் பதினைந்து நாள் எங்கேயாவது நிறுத்தித் தேற்றணும். ஏரியோரம் எங்கே தோண்டினாலும் உப்பு. என் வயலை ஒட்டி நல்ல தண்ணீர்க் குட்டை இருந்தது. குதிரை வியாபாரம் பண்ணுகிற சவுதாகர் ஆள் அனுப்பிக் கேட்டார்.

நான் ஒப்புக்கொண்டது தரும சிந்தனையால் அல்ல, குதிரை லத்தி எருவுக்காக. அறுப்பு முடிந்ததும் இடையர்கள் வந்து வயலில் ஆட்டுக்கிடை போடுவார்கள். பத்து ராத்திரி ஆடுகள் படுத்தெழுந்தால் அடுத்த போகத்துக்கு வேறு எரு வேண்டாம். அந்த வருஷம் பக்கத்து வயல் அங்கமுத்து முந்திக்கொண்டு இடையர்களை அழைத்துப்போய்த் தன் வயலில் கிடை வைத்துவிட்டான். எனக்கு வயிறு எரிந்தது. அதனால் குதிரை என்றதும், “வாங்க, தாராளமா எறங்குங்க” என்றேன். ஆட்டுக்கிடை அவனுக்கு, குதிரைக்கிடை எனக்கு!

அறுத்த நெல்தாள் மேல் நான்கு கூடாரம் எழும்பியது. ஊரே வேடிக்கை பார்க்க வந்தது. களத்தில் நெல் கிடந்ததால் நானும் வைக்கோல்போர் பக்கத்தில் ஒரு குடிசை போட்டுக்கொண்டு அங்கேயே தங்கினேன். காலையில் கண்ணைத் திறந்தால் குதிரை மூச்சு. வருகிறவன் போகிறவனிடமெல்லாம், “எட்டப் போ, ஒதைக்கும்” என்று அதிகாரம் பண்ணுவேன். குதிரைகள் ஏதோ எனக்குச் சொந்தம் போல.

அவற்றில் ஒரு பெண்குதிரை ரொம்பவும் நொந்துபோயிருந்தது. அதை மட்டும் மற்றவற்றிலிருந்து பிரித்து, என் வைக்கோல்போர் நிழலில் கட்டினார்கள். செம்பு நிறம். சவுதாகர் அதற்கு வாயில் நுழையாத பேர் ஒன்று வைத்திருந்தார். நான் செவலை என்று கூப்பிட்டேன். என் வலத்து மாட்டுக்கும் அதே பேர்தான்.

செவலையைப் பார்த்துக்கொண்டவன் நாகப்பன். ஏரிக்கு அக்கரையில் தோணிரேவு ஊர்க்காரன். ஏரியில் முட்டியளவு சேற்றில் தவழ்ந்து கையாலேயே இறால் பிடிக்கிற குடும்பம். குதிரைகளைக் கரையேற்றிய அன்று, மிரண்டு நின்ற செவலை இவன் கைக்கு அடங்கினதைப் பார்த்துச் சவுதாகர் வேலைக்கு வைத்துக்கொண்டாராம். வயது இருபத்தைந்து இருக்கும். அதன் வாலைச் சிக்கெடுத்துக்கொண்டே என்னோடு பேசுவான்.

“மாட்டைப் பாக்கறாப்பல இத்தப் பாக்காதீங்க நைனா. இது அசை போடாது. வாந்தியும் எடுக்காது. உள்ள போனது போனதுதான். கொள்ளு கூட அளந்துதான் வெக்கறேன்.”

“மாடு வெச்சுப் பொழைக்கறவன் கிட்டயே பாடமா?” என்று சிரித்தேன். அவனும் சிரித்தான்.

மாட்டுப் பொங்கலுக்கு முந்தின நாள் அவன் முகம் வாடியிருந்தது. அவன் பெண்டாட்டி கஸ்தூரிக்குப் பெண் பிறந்து எட்டு நாளாகியும் இன்னும் பிள்ளை முகம் பார்க்கவில்லை. சவுதாகர் கோட்டைக்குப் போயிருந்தார். குட்டைக் கரையில் இருந்த மற்ற குதிரைக்காரர்கள் இரண்டு பேருக்கும் எட்டுக் குதிரை வேலை.

“நாளைக்குக் காலைல போய்ட்டுச் சாயங்காலம் வா. நான் இருக்கேன் இல்ல?” என்றேன்.

“செவலைய…”

“எம் மாட்டைப் பாக்கறாப்பல பாத்துக்கறேன், போ.”

மறுநாள் விடியலில் அவன் படகேறப் போனபோது திரும்பித் திரும்பிப் பார்த்தது என்னையா, அதையா என்று தெரியாது.

நான் மாடுகளைக் குளிப்பாட்டிக் கொம்புக்குக் காவி பூசினேன். ராஜம்மா, என் வீட்டுக்காரி, புது அரிசியில் வெல்லம் போட்டுப் பெரிய பானை நிறையப் பொங்கல் வைத்து வயலுக்கே கொண்டுவந்து தந்துவிட்டு வீட்டுக்குப் போனாள். ஊர் ஆட்கள் மாடு விரட்டப் போய்விட்டார்கள். நான் மாடுகளுக்கு வாழையிலையில் பொங்கல் ஊட்டிக்கொண்டிருந்தேன். செவலை கயிற்றை இழுத்துக்கொண்டு, கழுத்தை நீட்டி மூக்கை மூக்கை உறிஞ்சியது.

வருஷத்துக்கு ஒரு நாள். ஒரு வாயில்லாப் பிராணிக்கு ஊட்டுகிறபோது பக்கத்தில் இன்னொன்று பார்த்துக்கொண்டு நிற்பதா? பாவம் இல்லையா? அப்படித்தான் எனக்குத் தோன்றியது. அதோடு நிற்கவில்லை. ஊர்க்காரர்கள் திரும்பி வரும்போது இந்தச் சகாதேவன் வீட்டு மாட்டுப் பொங்கலில் குதிரையும் நிற்பதைப் பார்த்து வாயைப் பிளக்கட்டும் என்றும் தோன்றியது. அதன் கழுத்தில் ஆவாரம்பூ மாலை ஒன்றைப் போட்டேன். இரண்டு கை பொங்கல் வைத்தேன். நக்கித் தின்றுவிட்டு என் தோளில் முட்டியது. எனக்கு மனசு பூரித்துவிட்டது. இன்னும் வைத்தேன். பானை காலியாகும் வரை வைத்தேன். பிறகு மாட்டுத் தொட்டியிலிருந்த தவிட்டுத் தண்ணீரையும் காட்டினேன். நாகப்பன் சொன்னது ஞாபகம் வராமல் இல்லை. பொங்கல் சோறு யாரைக் கொல்லும் என்று நினைத்தேன்.

வெயில் ஏறும்போது செவலை முன்காலால் தரையைச் சுரண்டியது. திரும்பித் திரும்பித் தன் வயிற்றைப் பார்த்தது. பிறகு படுத்துப் புரண்டது, எழுந்தது, மறுபடி விழுந்தது. மாட்டுக்கு வயிறு உப்பினால் கொடுக்கிற இஞ்சியும் பெருங்காயமும் இடித்து வைத்தேன். வாயே திறக்கவில்லை. உடம்பெல்லாம் வியர்வை நுரைத்தது.

குட்டைக் கரை கூப்பிடு தூரம்தான். அங்கிருந்த இரண்டு பேரும் குதிரை வைத்தியம் தெரிந்தவர்கள். ஒரு சத்தம் போட்டிருந்தால் ஓடி வந்திருப்பார்கள். நான் போடவில்லை. ‘என்ன கொடுத்தாய்’ என்று கேட்பார்களே! இந்தக் குதிரைக்கு ஈடாக என் வயலையே எழுதி வாங்கிவிடுவார்களோ என்று பயம். தானாகச் சரியாகிவிடும், இதோ சரியாகிவிடும் என்று வைக்கோல்போர் மறைவில் உட்கார்ந்திருந்தேன். அது முனகினபோது யாருக்கும் கேட்கக் கூடாதே என்று சாமியைக் கும்பிட்டேன். இதைச் சொல்வதற்குத்தான் இத்தனை வருஷம் வாய் வரவில்லை. துடிக்காமல் உயிர் போகட்டும் என்று கூட வேண்டவில்லை, சத்தம் போடாமல் இருக்கட்டும் என்று வேண்டினேன்.

பொழுது சாய்கிற நேரம் வரை துடித்து அடங்கியது. நான் அதன் வாயைத் துடைத்தேன். மாலையை அறுத்து வைக்கோலுக்குள் செருகினேன். அப்புறம்தான், “ஐயோ, ஓடியாங்க” என்று கத்தினேன்.

நாகப்பன் வந்தபோது எல்லாரும் சுற்றி நின்றார்கள். அவன் யாரையும் கேட்கவில்லை. மண்டியிட்டு அதன் உதட்டைத் தூக்கிப் பல்லோரம் விரல் விட்டான். வெல்லம் ஒட்டின நாலு பருக்கை விரலில் வந்தது. அதைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். விரலை மண்ணில் துடைத்துக்கொண்டான்.

மறுநாள் காலையில் சவுதாகர் வந்தார். நாகப்பனைப் பார்த்து, “இன்னா குடுத்தே?” என்றார்.

“நான் இங்க இல்லீங்க. ஊட்டுக்குப் போயிட்டிருந்தேன்.”

“யார் கிட்ட விட்டுட்டுப் போனே?”

நாகப்பன் திரும்பினான். மறுபடி என்னைப் பார்த்தான். கெஞ்சலும் இல்லை, கோபமும் இல்லை. பேசுகிற முறை எனக்கு என்பது போல நின்றான். அவன் வாயால் என் பேரைச் சொன்னால், ஏரியில் சேறு துழாவுகிறவன் நிலக்காரன் மேல் பழி போடுகிறான் என்றுதான் ஊர் சொல்லும். அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் என் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவனை வண்டிச் சக்கரத்தில் கட்டி, குதிரைச் சவுக்கால் அடித்தார்கள். எத்தனை அடி என்று எண்ணவில்லை. நான் அங்கேயே நின்றேன், போய்விட்டால் சந்தேகம் வருமே. அடித்து முடித்ததும் சவுதாகர், இவனை வந்த கப்பலிலேயே ஏற்றிக் கடலுக்கு அந்தாண்டை அடிமையாக அனுப்பிவிடச் சொன்னார். கப்பல் மூன்றாம் நாள் புறப்படும். அதுவரை கோட்டைப்பக்கம் அவருடைய கிடங்கில் போட்டுப் பூட்டினார்கள்.

அடுத்த நாள் உச்சிவேளையில் கஸ்தூரி என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். பிள்ளை பெற்றுப் பத்துப் பதினோரு நாள் உடம்பு. முகத்தில் ரத்தமே இல்லை. தோளில் பழந்துணியில் சுற்றின குழந்தை.

“நைனா, கெடங்கு ஜன்னலாண்ட போய்ப் பாத்தேன். அந்த நைனா கிட்டப் போ, அவுரு பெரிய மனுசர், அவுரு வந்து சொல்வாருன்னு அனுப்பிச்சாரு. நீங்க பக்கத்துலயே இருந்தீங்களாமே. எம் புருசன் ஒண்ணும் குடுக்கலைன்னு ஒரு வார்த்த வந்து சொல்லுங்க. ஒங்க காலுல உழறேன்.”

அவள் குனியப் போனாள். நான் பின்னுக்கு நகர்ந்தேன்.

“நான் பாக்கலம்மா. களத்துல வேலையா இருந்துட்டேன்” என்றேன்.

குழந்தை அழ ஆரம்பித்தது. அப்போது ராஜம்மா மாட்டுக்கொட்டிலிலிருந்து வந்தாள். கையில் வாடிப்போன ஆவாரம்பூ மாலை. வயலிலிருந்து காலையில் வந்த வைக்கோல் கட்டைப் பிரித்தபோது கிடைத்திருக்கிறது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பொங்கல் பானையை அவள்தான் கழுவினாள், எங்கள் இரண்டு மாடு அவ்வளவு தின்னாது என்று அவளுக்குத் தெரியாதா?

“கொழந்தைய இப்டிக் குடும்மா. வா, நான் வரேன். நான் ஆக்கின பொங்கல், நான் சொல்றேன்” என்றாள்.

“ராஜம்மா” என்றேன்.

“நீங்க மாட்டுக்குத் தண்ணி காட்டுங்க” என்றாள்.

இரண்டு பேரும் வெயிலில் நடந்துபோனதை வாசலில் நின்று பார்த்தேன். பின்னாலேயே ஓடியிருக்கலாம். செருப்பைக் கூட மாட்டினேன். மாட்டிக்கொண்டு அங்கேயே நின்றேன்.

நாகப்பனை அன்று சாயங்காலமே விட்டுவிட்டார்கள். மறுநாள் கூடாரம் பிரிக்க வந்த சவுதாகர் என்னைக் கூப்பிட்டார். வயல் போயிற்று என்று நினைத்துக்கொண்டு போனேன். அவரோ என்னைப் பார்த்துச் சலித்துக்கொண்டார், அவ்வளவுதான்.

“பொங்கலா வெச்சே? ஆசையாத்தான் வெச்சிருப்பே. அப்பவே எங்காளுங்களக் கூப்ட்டிருந்தாப் பொழைச்சாலும் பொழைச்சிருக்கும். ஏன் பயந்தே? நீ நெலத்துக்காரன். ஒன்னக் கட்டி வெச்சு அடிப்பேனா? வர்ற வருசமும் நான் இங்கதானே எறங்கணும்?”

என்னை எதுவும் செய்திருக்க மாட்டார்! முதல் நாளே சொல்லியிருந்தாலும் இந்தச் சலிப்பு ஒன்றுதான் எனக்குக் கிடைத்திருக்கும். நான் காப்பாற்றிக்கொண்டதாக நினைத்த வயலுக்கு ஆபத்தே இருந்ததில்லை. அடி மட்டும் அவன் முதுகில் விழுந்தது விழுந்ததுதான். அந்த வாரம் முழுக்க ராஜம்மா எனக்குச் சோறு போட்டாள், பேசவில்லை.

எட்டாம் நாள் தோணிரேவுக்குப் படகேறினேன். மன்னிப்புக் கேட்பது என்று முடிவு செய்துகொண்டு, வழி நெடுக வார்த்தைகளை அடுக்கிப் பார்த்தேன். குடிசைக்குள் நாகப்பன் குப்புறப் படுத்திருந்தான். முதுகில் மஞ்சளும் எண்ணெயும் அப்பியிருந்தது. என்னைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தான்.

“படு, படு” என்றேன்.

“அந்தப் பருக்கையப் பாத்ததுமே தெரிஞ்சிது நைனா. பண்டிகை நாளு, ஆசையா வெச்சிருப்பீங்க. நீங்களே சொல்வீங்கன்னு இருந்துட்டேன்.”

அடுக்கி வைத்த வார்த்தைகளை விட்டுவிட்டுப் பாயோரம் உட்கார்ந்தேன். அவன் கன்னத்தைப் பாயில் வைத்தபடி என்னைப் பார்த்தான்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கணும் நைனா. ராவெல்லாம் அதே நெனப்பா கீது. ரொம்ப நேரம் துடிச்சுதா?”

அவனுக்கு நான் கொடுக்க வேண்டியிருந்தது உண்மை ஒன்றுதான். அதைக் கேட்டுத்தான் அவன் படுத்திருந்தான்.

“இல்ல நாகப்பா. படுத்துது, ரெண்டு மூச்சு விட்டுது, போயிடுச்சி” என்றேன்.

“அப்பாடா” என்றான். கண் ஓரத்தில் நீர் வழிந்தது. “கூட நீங்க இருந்தீங்களே, அது போதும்.”

கஸ்தூரி சோறு போட்டு, இறால் குழம்பு ஊற்றி என் முன்னால் வைத்தாள். நான் உட்கார்ந்து சாப்பிட்டேன்.