காலி அட்டைகள்

டாக்டர் விஜயராகவனுக்குக் கெஞ்சிப் பழக்கமில்லை. இத்தனை வருஷமும் மற்றவர்கள்தான் அவர் அறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறார்கள். அப்பேர்ப்பட்ட மனுஷர் அன்றைக்கு ஒரகடத்தில், கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியின் மெடிக்கல் ரூமில், தன்னிடம் படித்த பிரசாந்துக்கு எதிரே உட்கார்ந்து மன்றாடிக்கொண்டிருந்தார். எல்லாம் கோமதிநாயகத்துக்காக.

கோமதிநாயகம் சங்கரன்கோவில் பக்கத்துப் பையன். இந்தக் கம்பெனியில் வெல்டிங் லைனில் இருந்தான். திடீர் திடீரென்று நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும், இதோ செத்தேன் என்று ஆகிவிடும் அவனுக்கு. இதயத்தில் ஒரு கோளாறும் இல்லை, மனப்பதற்றம். அந்தப் பதற்ற நோயும் அதற்கான மாத்திரைகளும்தான் விஜயராகவனின் வாழ்நாள் ஆராய்ச்சி. மாத்திரை கொடுத்தார், பையன் தேறினான். மாதக்கணக்கில் வேளை தவறாமல் சாப்பிட்டான். "போதும்ப்பா, நாளையிலேர்ந்து நிறுத்திடு" என்றார் ஒரு நாள். நிறுத்தினான். அந்த வாரமே லைனில் வலிப்பு வந்து விழுந்தான்.

அதோடு போயிற்று. வலிப்புக்காரனை எந்தக் கம்பெனியும் மெஷின் பக்கம் விடாது. விட்டால் கை போகும், கால் போகும், அது நியாயம்தான். வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். ஊரில் பெண் கொடுப்பதாக இருந்த தாய்மாமனும் "கொஞ்சம் பொறுத்துப் பாப்போம்" என்று இழுக்க ஆரம்பித்துவிட்டார். அம்மா உலகம்மாள் தினமும் போன் போட்டு அழுகிறாளாம்.

"இது வலிப்பு நோய் இல்ல பிரசாந்த்" என்றார் விஜயராகவன். "ஸ்கேன் எடுத்தாச்சு, ஈ.ஈ.ஜி. எடுத்தாச்சு, எல்லாம் சுத்தமா இருக்கு. மாத்திரையைச் சட்டுனு நிறுத்தினதால வந்திருக்கணும். அவனை நிரந்தர நோயாளி ஆக்கிடாதே."

பிரசாந்த் தர்மசங்கடத்தோடு சிரித்தான். "சார், நீங்களே இப்படிச் சொல்லலாமா? நாங்க படிச்சதே உங்க ஆராய்ச்சிப் பேப்பரைத்தானே! கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும்னு புஸ்தகம் பூரா எழுதியிருக்கான். நீங்கதான் இதே ஏரியாவுல ஆராய்ச்சி பண்ணி, சின்ன வயசுக்காரங்களுக்கு ஒரேயடியா நிறுத்தினாலும் ஒண்ணும் ஆகாதுன்னு நிரூபிச்சீங்க. அப்போ மாத்திரையால வரலைன்னா வலிப்பு நோய்தானே சார்? ஹெச்.ஆர்.கிட்ட நான் வேற என்ன சொல்ல முடியும்?"

அந்தப் பேப்பர் தப்பு என்று விஜயராகவன் சொல்லிவிடலாம்தான். எப்படித் தப்பு என்று கேட்டால்? செல்போன் தயாரிக்கும் கம்பெனிகளில் வேலை பார்த்த அத்தனை பெண்கள், அரை வருஷம் மாத்திரை, பிறகு ஒரே நாளில் நிறுத்தம், ஒருத்திக்குக்கூட ஒரு தும்மல் வரவில்லையே! கண்ணால் பார்த்ததை எப்படிப் பொய் என்பது? அதுவும் போக, அவருக்குப் பேராசிரியர் நாற்காலி போட்டதும் வெளிநாட்டு மேடை ஏற்றியதும் அந்த ஒரு பேப்பர்தான். அதைத் தன் கையாலேயே கிழித்துப் போட யாருக்கு மனசு வரும்? "யோசிச்சுட்டு வரேன்" என்று எழுந்துகொண்டார். படிக்கட்டில் இறங்கும்போது தன்மேலேயே எரிச்சலாக வந்தது.

கேட்டுக்கு எதிரே, தகர ஷீட் போட்ட டிபன் கடையில் கோமதிநாயகம் காத்திருந்தான். சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தி, கம்பெனி கொடுத்த சேஃப்டி ஷூவையே துடைத்து மாட்டிக்கொண்டு வந்திருந்தான். இன்றைக்கே உள்ளே கூப்பிட்டாலும் கூப்பிடுவார்கள் என்ற நப்பாசை. அந்த ஷூவைப் பார்த்ததும் விஜயராகவனுக்கு அவன் முகத்தைப் பார்க்கத் திராணி இல்லாமல் போயிற்று.

"குந்து சார். இன்னா வோணும், டீயா, பொங்கலா?" என்றான் கடைக்காரன் சக்திகுமார். வல்லம் வடகாலில் இருந்த நிலத்தைக் கம்பெனிகளுக்குக் கொடுத்துவிட்டு இங்கே கடை போட்ட உள்ளூர்க்காரன்.

அதற்குள் அடுப்படியிலிருந்து ஒரு பெண் கரண்டியும் கையுமாக எட்டிப் பார்த்தாள். பார்த்தவள், கரண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"ஐயோ, சார்தானா! மண்ணூர் கிளினிக் டாக்டர் சார்! என்னய ஞாபகம் இருக்கா? நான் வேல்விழி, தென்காசிப் பக்கம். ஞாயித்துக்கிழமையானா காலி மாத்திரை அட்டைய எண்ணிப் பாத்துட்டுப் புது அட்டை தருவீயளே!" புருஷன் பக்கம் திரும்பினாள். "ஏங்க, சொல்லுவேம்லா, இவிய இல்லாட்டா நான் அப்பமே ஊருக்கு ஓடியிருப்பேன்னு? அந்த டாக்டர்!"

"அட, நீதானா சார் அது? அப்போ என் கல்யாணத்துக்கே நீதான் காரணம்" என்று சக்திகுமார் சிரித்து, டீயில் ஏலக்காய் போடப் போனான்.

விஜயராகவனுக்கு அந்த நிலைமையிலும் உள்ளுக்குள் குளிர்ந்தது. இதோ, தன் ஆராய்ச்சிக்கு உயிருள்ள சாட்சி! "நிறுத்தினப்போ உனக்கு ஏதாவது பண்ணிச்சாம்மா? கை நடுக்கம், தூக்கமில்லாம, அந்த மாதிரி?"

"ஒண்ணும் பண்ணலையே சார். எங்க ரூமுல எட்டுப் பேருக்கும் ஒண்ணும் பண்ணல."

"எட்டுப் பேரா? உங்க ரூம்ல ரெண்டு பேர்தானே ஆராய்ச்சியில இருந்தீங்க?"

"பேரு குடுத்தது ரெண்டு பேரு. தின்னது எட்டுப் பேரும்லா!" வேல்விழி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ரூமுக்குள்ள எது வந்தாலும் பங்கு போடுறதுதான சார். ஊர்லருந்து முறுக்கு வந்தாலும் பங்கு, சீயக்கா வந்தாலும் பங்கு. ஒருத்தி நெஞ்சப் பிடிச்சிட்டு அழும்போது இன்னொருத்தி மட்டும் மாத்திரயத் தின்னுட்டுத் தூங்குவாளா? பஸ் மாத்திரைன்னே பேரு வச்சிருந்தோம். கம்பெனி பஸ்ஸு ஏறும்போது எவளுக்குப் படபடன்னு வருதோ, அவளுக்கு ஒண்ணு. மிச்சத்தப் பவுடர் டப்பாவுல கொட்டி வச்சிருவோம். அட்டைய மட்டும் பத்திரமாக் கொண்டாந்து காட்டுவோம். மாத்திரை மிஞ்சிச்சின்னா உங்க கிளினிக்கு ரத்னாக்கா புது அட்டை தரமாட்டாவள்லா!"

"உங்க ரூம்ல மட்டுமா?"

"ஹாஸ்டல் பூராவும் அப்படித்தான் சார்."

டீ வந்தது. விஜயராகவன் அதைத் தொடவில்லை. அடப்பாவி மனுஷா என்று தன்னையே திட்டிக்கொண்டார். மாத்திரையை நிறுத்தி ஒருத்திக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றால், ஒருத்தியும் அதைத் தினமும் சாப்பிடவேயில்லை! இல்லாததை நிறுத்தினால் என்ன ஆகும்?

ரத்னா அவருடைய உதவியாளர். நல்ல பெண், துருவித் துருவிக் கேட்கிறவள். "சார், ஹாஸ்டலுக்கு ஒரு நடை போய்ப் பாத்துட்டு வரலாமா? ரத்தத்துல மருந்து அளவாவது பாத்துடலாமே?" என்று ஆராய்ச்சி நடந்தபோதே கேட்டாள். அவர்தான் எரிந்து விழுந்தார். "அட்டை காலியா இருக்கு. அதுக்கு மேல என்னம்மா வேணும்?" ஹாஸ்டல் மண்ணூர் கிளினிக்கிலிருந்து கூப்பிடு தூரம். பூந்தமல்லியில் வண்டிகள் அடைத்துக்கொள்வதற்குள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட வேண்டும் என்பது அன்று அவருக்கு முக்கியமாக இருந்தது. பதற்றத்தைப் பற்றி அத்தனை பக்கம் எழுதியவர், பதறுகிறவர்கள் படுத்திருந்த ஓர் அறைக்குள் ஒரு தடவையாவது தலையை நீட்டிப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் ஜன்னல் ஓரத்தில் அந்தப் பவுடர் டப்பா கண்ணில் பட்டிருக்கும்.

கோமதிநாயகம் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். தனக்கு வரும் படபடப்பை மற்ற பையன்கள் பார்க்கக் கூடாது என்று வெட்கப்பட்டுத் தனியாக ஓர் அறை எடுத்துத் தங்கியவன் அவன். அவனிடம் பங்கு கேட்க ஆளில்லை.

வேல்விழி டாக்டரின் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டாள். "என்ன சார், நாங்க எதுவும் தப்புப் பண்ணிட்டமா?"

"இல்லம்மா. நீங்க ஒரு தப்பும் பண்ணல" என்று எழுந்தார். இந்த முறை யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

மறுபடி மெடிக்கல் ரூமுக்குப் போய், பிரசாந்திடம் நின்றபடியே சொன்னார். பேப்பர் தப்பு. பெண்கள் மாத்திரையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள், நான் காலி அட்டையை நம்பி ஏமாந்தேன், ஊரையும் ஏமாற்றிவிட்டேன். அதைத் திரும்பப் பெறுவதாக இன்றைக்கே எழுதி அனுப்பப் போகிறேன். கோமதிநாயகத்துக்கு வந்தது என் தவறால் வந்த வலிப்பு, அவனுடைய நோய் இல்லை.

பிரசாந்தின் முகம் வெளுத்தது. சந்தோஷப்படுவான் என்று நினைத்தாரோ என்னவோ, அவன் நாற்காலியில் சாய்ந்துவிட்டான். "சார், அந்தப் பேப்பரை நம்பி நான் இங்கேயே எத்தனை பேருக்கு ஒரேயடியா நிறுத்தியிருக்கேன் தெரியுமா? பாதிப் பேரு கான்ட்ராக்ட் முடிஞ்சு ஊருக்குப் போயிட்டாங்க. அவங்கள்ல யாரு விழுந்தாங்க, யாரு எந்திரிச்சாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"உங்கிட்ட இருக்கிற நம்பர் எல்லாத்துக்கும் போன் போடு. நானும் போடுறேன்" என்றார். வேறு என்ன சொல்வார்?

கோமதிநாயகம் விஷயத்துக்குப் பிரசாந்த் ஹெச்.ஆரிடம் பேசினான். குரல் சரியாக இல்லை, ஆனால் பேசினான். கொஞ்ச காலம் பேக்கிங்கில் இருக்கட்டும், மறுபடி ஒன்றும் வரவில்லையென்றால் பரிசோதித்துவிட்டு லைனில் விடலாம் என்று முடிவாயிற்று.

வெயில் ஏறியிருந்தது. ஷிப்ட் பஸ்கள் வரிசையாகத் திரும்பிக்கொண்டிருந்தன. விஜயராகவன் சாலையைக் கடந்து கடைக்கு வந்து, "வேலை கிடைச்சிருச்சுப்பா. உனக்கு வலிப்பு நோய் இல்லைன்னு எழுதியே கொடுத்துடுவாங்க. உங்க மாமாவுக்கும் காட்டலாம்" என்றார்.

கோமதிநாயகம் துள்ளிக் குதிக்கவில்லை. "ரொம்ப நன்றிங்கய்யா" என்றான். குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினான். கட்டி முடித்தும் நிமிரவில்லை.

"ஐயா, ஒண்ணு கேக்கட்டா? அந்த அக்காமாருல ஒருத்தரும் நீங்க சொன்னபடி திங்கல. அவங்கல்லாம் நல்லாருக்காங்க."

"ஆமாப்பா."

"நீங்க சொன்னத அப்படியே கேட்டவன் நான் ஒருத்தன்தானாய்யா?"

ஆமாம் என்று சொல்லிவிட முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. அப்படியானால் பாவம் ஒன்றோடு போயிற்றே!

"இன்னும் எத்தனை பேருன்னு எனக்குத் தெரியலப்பா" என்றார்.