ஃப்ரிட்ஜ் சுருதி

ஒரு பாட்டைக் கேட்பதற்காக ஒரு ஃப்ரிட்ஜ் தன் வேலையை நிறுத்தியது. கதையல்ல, நடந்தது. நம்பாதவர்கள் வரிசையில் நிற்கலாம். முதல் இடத்தை மைத்துனன் அப்போதே பிடித்துவிட்டான்.

அவனுடைய மாமா, அதாவது அக்காவின் கணவர், வார நாட்களில் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். சனிக்கிழமை மாலையானால் கிடாரைத் தூக்கிக்கொண்டு பேக்கரியின் பின்னறையில் நடக்கும் பாட்டுக் கூட்டத்துக்குப் போய், தானே எழுதிய பாட்டைப் பாடுவார். பாடுவார் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஆரம்பிப்பார். இரண்டாவது அடியில் பயம் வந்து தொண்டையில் சம்மணமிட்டு உட்காரும். "ஒரு நிமிஷம்" என்று தந்தியை முறுக்குவார். முறுக்கி முறுக்கியே கிடாரின் கழுத்து ஒரு முழம் நீண்டுவிட்டது. அங்கே அவருக்குப் பெயரே 'ஒருநிமிஷம்'.

அந்தக் கூட்டத்தில் மைக் கிடையாது. சுருதி பார்க்கத் தனிக் கருவியும் கிடையாது. மூலையில் ஒரு கிழட்டு ஃப்ரிட்ஜ் 'ம்ம்ம்' என்று ஒரே சுரத்தில் முனகிக்கொண்டிருக்கும். பேக்கரிக்காரர் கல்யாணத்துக்கு முன்னால் தொடங்கியது. கல்யாணத்தோடு அவர் வாய் ஓய்ந்தது, அது ஓயவில்லை. எல்லாரும் அதோடுதான் சுருதி சேர்ப்பார்கள்.

கூட்டத்தை நடத்தும் தையல்காரம்மா அன்று மாமாவிடம் கறாராகச் சொல்லிவிட்டார். "ரெண்டு வாரமா பாதியில எழுந்து ஓடிட்டீங்க. இன்னைக்கும் ஓடினா, அப்புறம் கைதட்ட மட்டும் வாங்க. பாட இடம் கேட்டு எத்தனை பேர் நிக்கிறாங்க தெரியுமா?"

பாட்டோ மனைவிக்காக எழுதியது. அவளுக்கு மருந்துக்கடையில் வேலை, வர முடியாது. தம்பியை அனுப்பியிருந்தாள். "முழுசாப் பாடினாரான்னு நீ பார்த்துட்டு வா. அவர் சொன்னா நான் நம்ப மாட்டேன்."

"மாமா, தண்ணி குடிங்க" என்றான் அவன். "கிடாரைத் தலைகீழாப் பிடிச்சிருக்கீங்க."

"சும்மா இரு மாப்ளே. எனக்கு முதல் வரியே மறந்துபோச்சு."

"நல்லதுதான், சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம்."

மாமாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளங்கையில் ஊறிய வியர்வையில் ஒரு தெருவுக்கே குளிக்கத் தண்ணீர் விடலாம். எப்படியோ உட்கார்ந்தார், எப்படியோ வாய் திறந்தது.

"தூரத்து விளக்கெல்லாம் துல்லியமாத் தெரியுது, பக்கத்துல நிக்கிற நீதான் மங்கலா..."

இரண்டாவது அடி. தொண்டையில் பயம் இடம் தேடும் நேரம். சரியாக அப்போது ஃப்ரிட்ஜ் நின்றது.

அறை சட்டென்று பள்ளமாகிவிட்டது போலிருந்தது அவருக்கு. காது அடைத்துவிட்டதா? தன் குரல் தரையில்லாமல் தொங்குவது கேட்டது. விரல் தந்தி முறுக்கும் திருகுக்குப் போனது. உதட்டில் 'ஒரு' வந்துவிட்டது. 'நிமிஷம்' மட்டும் பாக்கி. தையல்காரம்மா தன்னை முறைப்பதாகப் பட்டது. முடிந்தது, இனிமேல் கைதட்ட மட்டும்தான்.

ஆனால் அந்த அம்மா முறைக்கவில்லை. வாயை மூடி, 'ம்ம்ம்' என்று இழுத்துக்கொண்டிருந்தார், அச்சு அசலாக ஃப்ரிட்ஜின் சுரத்தில். பேக்கரிக்காரர் தட்டோடு வாசலில் நின்று சேர்ந்துகொண்டார். பிறகு அறை முழுக்க. அத்தனை வருஷம் அதோடு பாடியவர்களுக்கு அந்தச் சுரம் எலும்பில் ஊறியிருந்தது. மாமாவின் விரல் திருகை விட்டது. பயம் போகவில்லை, பயந்தபடியே கடைசி வரி வரைக்கும் பாடி முடித்தார். கைதட்டலில் கூரை ஒரு சாண் எழும்பி உட்கார்ந்தது. ஃப்ரிட்ஜும் ஒரு செருமலோடு மறுபடி முனகத் தொடங்கியது.

"கரண்ட் போயிருக்கும்" என்றான் மைத்துனன்.

"லைட்டு எரிஞ்சுதே?" என்றார் மாமா.

"ப்ளக்கை யாரோ பிடுங்கியிருப்பாங்க" என்று ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் தலையை விட்டுப் பார்த்தான். பிறகு மாமாவின் கிடாரைத் தானே தூக்கிக்கொண்டு நடந்தான்.

மருந்துக்கடையில் அக்கா மாத்திரை அட்டையைக் கீழே வைத்துவிட்டு, நடந்ததைக் கொட்டிக்கொண்டிருந்த கணவரை விட்டுத் தம்பியைப் பார்த்தாள். "முழுசாப் பாடினாரா?"

"பாடினாருக்கா."

"என்னவோ ஃப்ரிட்ஜ் நின்னு கேட்டுச்சுங்கறாரே. புளுகுதானே?"

அவன் பிடரியைச் சொறிந்தான்.

"ப்ளக்கு மாட்டினபடிதான் இருந்துச்சு. நின்னுச்சுக்கா. கொஞ்ச நேரம் நானே ஃப்ரிட்ஜா இருந்தேன்."