சாதத்துக்கு ஒரு தனிக் கப்

நாகேஸ்வரன் எல்லாப் பரீட்சையிலும் நூற்றுக்கு நூறு வாங்கியிருந்தார். இரத்தச் சர்க்கரை மட்டும் இறங்கவில்லை. ஓணத்துக்கு முன் இறங்காவிட்டால் வலது கண்ணின் புரை அறுவையைத் தள்ளிவைப்பதைத் தவிர வழியில்லை என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார்.

உணவு ஆலோசகரான அஞ்சுவுக்கு இது மண்டையைக் குடைந்தது. கிழக்கேகோட்டைப் பக்கம் அவள் வேலை பார்த்த சர்க்கரை நோய் கிளினிக்கில், அந்த 2007-ஆம் வருஷம், நோயாளிகளுக்கான ஒரே உணவுப் பாடத்தை, பரீட்சையும் வைத்து, இரண்டு விதமாக நடத்திப் பார்த்தார்கள். ஒரு கூட்டத்துக்கு அவளே சனிக்கிழமைதோறும் நேரில் வகுப்பெடுத்தாள். இன்னொரு கூட்டம் வீட்டிலிருந்தே இணையத்தில் படித்தது. வலியசாலை நாகேஸ்வரன் இரண்டாவது கூட்டம். மங்கிய கண்ணுக்குத் திரையில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். புரியாததைத் திரும்ப ஓட்டிக் கேட்கலாம். ஓய்வுபெற்ற கணக்கர் அல்லவா, ஒரு வரி விட்டுவைக்கவில்லை.

"பாத்தீங்களா சேச்சி, மார்க்குல எங்க ஆளுங்கதான் முன்னாடி," என்றான் பாடத்தைக் கணினியில் ஏற்றிய கிருஷ்ணகுமார். "உங்க கிளாஸ்ல பாதிப் பேரு ஊர்க்கதை பேசத்தானே வாறாங்க!"

"மார்க்கு கூடினா சுகர் குறையுமாடே? நான் போய்ப் பாத்துட்டு வாறேன்."

அவள் போனபோது சாப்பாட்டு நேரம். நாகேஸ்வரன் தட்டின் முன் உட்கார்ந்திருந்தார். தட்டில் சாதம் நன்றாகவே குவிந்திருந்தது.

"ஒரு கப்புக்கு மேல ஒரு மணி போடறதில்லைம்மா," என்றாள் அவர் மனைவி பகவதியம்மாள், அஞ்சு வாய் திறக்கும் முன்பே. அரிசி டின்னைத் திறந்து, கிளினிக்கில் கொடுத்த பிளாஸ்டிக் கப்பை எடுத்துக் காட்டினாள். "இதால தலை தட்டி அளந்து, இவருக்குன்னு தனியா வடிக்கறேன்."

அஞ்சுவுக்குச் சட்டென்று விளங்கியது. "மாமி, அந்தக் கப்பால இந்தச் சாதத்தை அளந்து பாக்கலாமா?"

பகவதியம்மாள் கப்பை மார்போடு அணைத்துக்கொண்டாள். "ஐயோ, பத்தாயிடுமே! அப்புறம் இதை எப்படி டின்னுல போடறது?"

அந்த அக்கிரகாரத்து வீடுகளில் வெந்த சாதம் பட்டதெல்லாம் பத்து, ஒரு வகைத் தீட்டு. தொட்ட கையை நனைத்துக்கொள்ளாமல் வேறெதையும் தொடமாட்டார்கள். ஆகவே சாதத்தை யாரும் அளப்பதில்லை. அளவெல்லாம் அரிசியோடு முடிந்துவிடும். பாடத்தில் இருந்ததோ 'ஒரு கப் சாதம்'.

அஞ்சு கப்பில் தண்ணீர் நிறைத்து, ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் ஊற்றிப் பார்த்தாள். விளிம்புவரை நின்றது, அளவு ஒன்றுதான். தண்ணீரைக் கொட்டிவிட்டு, தட்டிலிருந்த சாதத்தைக் கிண்ணத்தால் அளந்தாள். கிட்டத்தட்ட மூன்று கிண்ணம் வந்தது. வேகும்போது அரிசியிலுள்ள மாவுச்சத்து தண்ணீரைக் குடித்து உப்புகிறது. ஒரு கப் அரிசி மூன்று கப் சாதமாவது அப்படித்தான்.

நாகேஸ்வரன் குனிந்து கிண்ணத்தைக் கிட்டத்தில் பார்த்தார். "ஒரு கப்னுதானே டிக் பண்ணேன்? மார்க்கும் போட்டுதே!"

"நீங்க எழுதினது சரிதான் மாமா. தட்டைப் பாக்கத்தான் கம்ப்யூட்டருக்குக் கண்ணு கிடையாது."

"எனக்கே கண்ணு இல்லாமத்தானே இந்தப் பாடு!" என்று அவர் சிரித்துவிட்டார்.

திரும்பும் வழியில்தான் அவளுக்கு நினைவு வந்தது. நேர் வகுப்பின் முதல் நாளே சரசம்மா என்ற மாமி, 'ஒரு கப்புன்னா அரிசியா, சாதமா?' என்று கேட்டிருந்தாள். எல்லோரும் சிரித்தார்கள், அஞ்சு பதில் சொன்னாள், அதோடு மறந்தும் போனாள். அந்தக் கேள்வி இணையப் பாடத்துக்குப் போய்ச் சேரவே இல்லை.

அவள் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கிருஷ்ணகுமார் தலையைச் சொறிந்தான். "சரி சேச்சி, அன்னிக்கு உங்க கிளாஸுக்கு வராதவங்களுக்கு அதைத் திரும்பச் சொன்னீங்களா?"

அவள் சொல்லியிருக்கவில்லை.

மறுநாள் ஒரு கப் அரிசியையும், அது வெந்து நிறைத்த மூன்று கிண்ணங்களையும் படமெடுத்துப் பாடத்தில் சேர்த்தார்கள். வகுப்பில் யார் என்ன கேட்டாலும் அதை அந்த வாரமே இணையத்தில் ஏற்றுவது என்றும், வகுப்புக்கு வராதவர்களை அதைப் படிக்கச் சொல்வது என்றும் முடிவாயிற்று.

பகவதியம்மாள் சாலைக் கடைத்தெருவில் அதே அளவில் இன்னொரு கப் வாங்கி, சாதம் வைக்கும் பக்கத்தில் தனியாக வைத்தாள். சர்க்கரை மெல்ல இறங்கியது. ஓணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது நாகேஸ்வரன் போன் செய்தார்.

"டாக்டர் தேதி கொடுத்துட்டார். வர்ற திங்கட்கிழமை."

"நல்லதாப் போச்சு மாமா!"

"அப்புறம், அடுத்த பாடம் தோசைன்னு படத்தோட போட்டிருக்கே, அதை ஏத்தறதுக்கு முன்னாடி மாமிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடு. அவ தோசை உங்க படத்துல இருக்கற தோசை இல்லை."