மடி நிறையல

"யாருமே கேக்காத பாட்டெல்லாம் எங்க போகும்ப்பா?"

இலக்கியா ஒன்றாம் வகுப்புப் படிக்கையில் ஒருநாள் இப்படிக் கேட்டாள். அவள் அப்பா திருமுருகன் அப்போது தோசையைப் பிய்த்தபடி போனில் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தான். தேனிப் பக்கத்துப் பையன்கள் நான்கு பேர் சொந்தமாக எழுதி, மெட்டுப் போட்டு, வீட்டு மாடியில் வைத்துப் பதிவு செய்த பாட்டு. அதுவரை அறுபது பேர் கேட்டிருப்பதாக எண் காட்டியது. சில பாட்டுக்கு அந்த எண்ணும் ஏறாது என்று அவன் சொன்னதற்குத்தான் பிள்ளை அப்படிக் கேட்டது.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை அதே பாட்டைத் தனக்குத் தெரிந்த பதினேழு பேருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினான். ஏன் கேட்க வேண்டும் என்று நாலு வரியும் எழுதினான். அடுத்த வெள்ளிக்கிழமை இன்னொரு பாட்டு. இப்படியே எட்டு வருஷம் ஓடிப்போய், பதினேழு பேர் அறுநூறு பேர் ஆனார்கள்.

புதுக்கோட்டையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுவது அவன் வேலை. மெஷின் சத்தத்துக்கு நடுவே ஒரு காதில் எப்போதும் பாட்டு ஓடும். சினிமாப் பாட்டு அவனுக்கு ஆகாது. ஊர் பேர் தெரியாத குழு எங்கேயாவது பாடியிருக்க வேண்டும், அதை அவன் தேடிப் பிடிக்க வேண்டும். பிடித்துவிட்டால் அன்றைக்கு அவன் கால் தரையில் நிற்காது. கண்ணாடி மாற்ற வருகிறவர்களையும் விடமாட்டான். "ரெடியாக பத்து நிமிஷம் ஆகும் சார், அதுவரைக்கும் இதைக் கேளுங்க" என்று காதில் மாட்டிவிடுவான்.

"அந்தப் பயலுக எல்லாம் ஒங்களுக்கு என்ன மாமனா மச்சானா?" என்பாள் அவன் மனைவி பரிமளா.

"ஒருத்தர் கேட்டாத்தான பரிமளா அவன் அடுத்த பாட்டுப் போடுவான்?"

தாகத்துக்குத் தண்ணீர் கொடுப்பது போல, பாடுகிறவனுக்குக் காது கொடுப்பதும் ஒரு தருமம்தான். ஆனால் தருமம் செய்கிறவன் மனசில் கர்வமும் சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்துகொள்ளும். திருமுருகன் மனசிலும் உட்கார்ந்திருந்தது.

போன பங்குனியில் 'ஏழு பாகம்' என்ற குழுவைக் கண்டுபிடித்தான். மீமிசல்காரர்கள், மூன்றே பேர். ரகுநாத் கிட்டார் வாசித்தான். இன்னொருவன் மீன் பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினான். பொற்கொடி என்ற பெண் ஐஸ் கம்பெனி மாடியில் நின்று, கடலைப் பார்த்தபடி பாடினாள்.

விடிஞ்சு போச்சு, மடி நிறையல.
கரையில நிக்கிறவ கண்ணு நெறஞ்சு போச்சு.

திருமுருகன் மெஷினை நிறுத்திவிட்டு ஏழெட்டு முறை கேட்டான். தேடி நம்பர் வாங்கி ரகுநாத்துக்குப் போன் போட்டான்.

"பாகம்னா என்ன தம்பி?"

"ஆழத்துக்குச் சொல்றதுண்ணே. ரெண்டு கையையும் விரிச்சா ஒரு பாகம். எங்க கடலு அம்புட்டுதான், ஏழு பாகம் எட்டு பாகம்."

தெரியாத சொல்லுக்கு அர்த்தம் கேட்டுக்கொண்டான். தெரிந்த சொல்லைப் பற்றிக் கேட்க அவனுக்குத் தோன்றவில்லை. கீரனூர்ப் பக்கம் வயற்காட்டில் வளர்ந்தவன் அவன். மடி என்றால் ஆத்தாள் மடி, இல்லையென்றால் பசு மடி. அந்த வெள்ளிக்கிழமை இப்படி எழுதினான்: "பிள்ளை இல்லாத ஒரு பெண், தன் வெறும் மடியைப் பார்த்துப் பாடும் பாட்டு. பாடுகிறவரின் சொந்தக் கதை என்றே தோன்றுகிறது. கேட்டுவிட்டு நான் அழுதேன்."

எட்டு வருஷத்தில் நடக்காதது அந்த வாரம் நடந்தது. அவன் எழுதிய வரிகளோடு சேர்ந்து பாட்டு கைமாறிக் கைமாறிப் போனது. ஒன்பது நாளில் இரண்டு லட்சம் பேர் கேட்டார்கள். திருமுருகன் வீட்டுக்கு ஜாங்கிரி வாங்கிப் போனான்.

பத்தாம் நாள் ரகுநாத் கூப்பிட்டான்.

"அண்ணே, மடின்னா என்னன்னு நெனச்சு எழுதுனீங்க?"

"மடிதான் தம்பி. ஆத்தா மடி."

"இழுவலைக்கு அடியில பை மாதிரி இருக்கும்ணே. மீனெல்லாம் கடைசியா அதுலதான் வந்து சேரும். அதைத்தான் நாங்க மடிம்போம். விடிய விடிய இழுத்தும் மீன் விழலைன்னு பாடுன பாட்டுண்ணே அது."

திருமுருகன் ஓடிக்கொண்டிருந்த மெஷினை அணைத்தான்.

"பொற்கொடிக்குக் கல்யாணமாகி நாலு வருஷம் ஆச்சு" என்றான் ரகுநாத். "அவ வீட்டுக்காரர் ராக்கன் மூணாம் மாசமே சவூதியில தம்மாமுக்குப் போயிட்டாரு. நடுவுல ஒரே ஒரு லீவு. பிள்ளை இல்ல. நீங்க சொந்தக் கதைன்னு வேற எழுதிட்டீங்க."

கரையில் மீன் பிரிக்கிற பெண்களுக்கு மடி என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் கேட்டார்கள். "என்னடி பொற்கொடி, ஒன் மடியைப் பாத்து ரெண்டு லட்சம் பேரு அழுவுறானாமே? ஒம் புருசனுக்குத் தெரியுமா?" கூடையைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனவள் பிறகு வாயைத் திறக்கவில்லை. ராக்கனும் போனில் இனிப் பாட வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

அன்றைக்கே திருமுருகன் தன் வரிகளை அழித்தான். தப்பு என்னுடையது, மடி என்பது வலை என்று திருத்தம் எழுதி அனுப்பினான். பொய் இரண்டு லட்சம் பேரிடம் போயிருந்தது. திருத்தத்தை ஒன்பது பேர் பார்த்தார்கள். அதிலும் ஒருவர் பதில் போட்டார்: "ப்ரோ, பழைய அர்த்தமே நல்லாருந்துச்சு. மீன் கிடைக்கலைன்னா அதுக்கு யார் அழுவா?"

ஞாயிற்றுக்கிழமை மீமிசலுக்குப் பஸ் ஏறினான். காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று நினைத்திருந்தான். ரகுநாத் அவனை டீக்கடையைத் தாண்ட விடவில்லை.

"அங்கிட்டுப் போகாதீங்கண்ணே. மன்னிப்புக் கேக்க வந்தீங்கன்னு யாருக்குத் தெரியும்? டவுன்லேருந்து ஒருத்தன் அவளைத் தேடி வந்தான்னு அதுக்கு ஒரு கதை கெளம்பும்."

அது நிஜம். செய்த தப்புக்கு மன்னிப்புக் கேட்கவும் வழி இல்லாமல் போகும் என்று திருமுருகன் நினைத்ததே இல்லை. ஆறிப்போன டீயைக் குடித்தான்.

"நீங்க ரெண்டு பேரும் அடுத்து என்ன பாட்டு..."

"பாடுறதுக்கு ஆளு வேணும்லண்ணே. நான் திருப்பூருக்குப் போறேன், சித்தப்பா வேலை சொல்லியிருக்காரு." ராக்கனின் நம்பரை மட்டும் கொடுத்தான். "பேசிப் பாருங்க. திட்டுனா வாங்கிக்கங்க."

ராக்கன் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும்.

"மடின்னா என்னன்னு எனக்குத் தெரியாதாங்க? பதினஞ்சு வயசுலேருந்து அதை அவுத்துக் கொட்டுனவன் நான். ஆனா என் ரூம்ல இருக்கிற பன்னெண்டு பேருக்குத் தெரியாதே. அறந்தாங்கிக்கார விக்ரம்தான் மொதல்ல போட்டுக் காட்டுனான். இப்ப நான் குளிச்சிட்டு வந்தாப் பாடுறாய்ங்க, சாப்பிட ஒக்காந்தாப் பாடுறாய்ங்க. ஊருக்குப் போடா, மடி காத்துக் கெடக்குங்கிறாய்ங்க."

"வலையைப் பத்துன பாட்டுன்னு நீங்க சொல்லலாமே."

"நான் சொன்னா, பொண்டாட்டிக்குப் பரிஞ்சுக்கிட்டு வாரான்ம்பாய்ங்க. அவளைப் பாட வேணாம்னது கோவத்துல இல்லைங்க. என்னால காது கொடுத்துக் கேக்க முடியல. ஒங்க மேலயும் கோவம் இல்ல. ஆனா இனிமே போன் பண்ணாதீங்க."

அந்த வெள்ளிக்கிழமை திருமுருகன் யாருக்கும் பாட்டு அனுப்பவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமையும் அனுப்பவில்லை. அறுநூறு பேரில் ஒருவர் கூட ஏன் என்று கேட்கவில்லை. எட்டு வருஷமாகத் தான் செய்தது என்ன என்று அவன் யோசித்துப் பார்த்தான். யாருக்கும் வேண்டாத ஒன்றை ஊருக்கு நீட்டிக்கொண்டிருந்தான். ஒரே ஒரு முறை ஊர் வாங்கிக்கொண்டது, அதுவும் ஒரு பெண்ணின் மானத்தோடு சேர்த்து. கோயிலில் நின்றால் என்ன கேட்பது என்று தெரியவில்லை. சாமி, அவளைத் திரும்பப் பாட வை என்று கேட்கவும் தனக்கு யோக்கியதை இல்லை என்று வெறுமனே கும்பிட்டுவிட்டு வந்தான்.

இரண்டு லட்சம் பேரை அவன் எங்கே போய்ப் பிடிப்பான்? ஆனால் பன்னிரண்டு பேரைப் பிடிக்கலாம். விக்ரம் என்ற பெயரைத் தேடினான். தான் அனுப்பும் பாட்டுகளை வாங்குகிறவர்களில் அந்தப் பெயரும் இருந்தது. தன் கையால் கொடுத்த நெருப்புதான் அந்த அறைக்குப் போயிருக்கிறது.

தம்மாமில் வெள்ளிக்கிழமை லீவு. மத்தியானம் முதலாளி சாப்பிடப் போனதும் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு விக்ரமைக் கூப்பிட்டான்.

"சும்மா தமாஷுக்குத்தாண்ணே" என்று விக்ரம் சிரித்தான்.

"தப்பு என்னுது தம்பி, ஒன்னுது இல்ல" என்று திருமுருகன் எல்லாவற்றையும் சொன்னான். சிரிப்பு நின்றுவிட்டது. மற்ற பதினோரு பேர் நம்பரையும் விக்ரமே அனுப்பினான். ராக்கனுக்குத் தெரியக் கூடாது என்றதற்குச் சரி என்றான்.

அதன் பிறகு வெள்ளிக்கிழமை மத்தியானம் இதேபோல் ஷட்டரை இறக்கிவிட்டு, வாரத்துக்கு ஒருவர், சில வாரம் இருவர். வார்த்தையைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. நான்தான் எழுதினேன், மடி என்றால் வலை, எனக்குத் தெரியாது, அந்த மனுஷனை விட்டுவிடுங்கள், நான் பேசியதைச் சொல்ல வேண்டாம். ஒருவன் பேசி முடிக்கும் முன்னால் வைத்துவிட்டான். இன்னொருவன், "நீ யாருய்யா அவளுக்கு?" என்று கேட்டான். அதையும் விழுங்கிக்கொண்டு திரும்ப முதலிலிருந்து சொன்னான். அறைக்குச் சமைத்துப் போடுகிற பெரியவர் மட்டும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பேசினார்.

"எனக்கும் பிள்ளை இல்லப்பா" என்றார். "அவனுக சிரிக்கையில நானும் சேந்து சிரிச்சேன். சிரிக்காட்டி நம்ம பக்கம் திரும்பிருவானுகளேன்னு."

பன்னிரண்டாவது ஆளுக்குப் போன் போட்டபோது ஆடி பிறந்திருந்தது. திருவாடானைக்காரன். கேட்டுவிட்டு அவன் ஆச்சரியப்பட்டான்.

"அந்தப் பேச்சு இப்ப ரூம்ல இல்லைங்களே. யாரும் அந்தப் பாட்டை எடுக்கிறதில்ல. ஏன்னு தெரியல, தன்னால நின்னுபோச்சு."

"அப்படியா" என்றான் திருமுருகன்.

"ராக்கனும் இப்ப எங்ககூட ஒக்காந்துதான் சாப்பிடுறான். ஆமா, நீங்க ஏங்க இம்புட்டு மெனக்கெடுறீங்க?"

"ஒண்ணுமில்லைங்க. விசாரிக்கணும்னு தோணுச்சு. வச்சிடுறேன்."

பொற்கொடி பாடவில்லை. பாடுவாள் என்று யாரும் சொல்லவும் இல்லை. ரகுநாத் திருப்பூரிலிருந்து போன் செய்வதை நிறுத்திவிட்டான். தம்மாமில் ஒரு மனிதன் நிம்மதியாகச் சாப்பிடுகிறான், அவ்வளவுதான்.

திருமுருகன் பன்னிரண்டு நம்பரையும் ஒவ்வொன்றாகப் போனிலிருந்து அழித்தான். பிறகு குனிந்து ஷட்டரைத் தூக்கினான்.